சாயம் போகாத தெரு

குவாத்தமாலாவின் மேற்கு மலைநாட்டில் அதித்லான் என்றொரு பெரிய ஏரி. அதன் கரையில் சான் ஹுவான் லா லகுனா என்ற சிற்றூர். படகுத்துறையில் இறங்கியதுமே ஒரு தெரு செங்குத்தாக மேலேறுகிறது. தரையில் ஓவியம், சுவரில் ஓவியம், தலைக்கு மேல் கம்பியில் வரிசையாகத் தொங்கும் வண்ணக் குடைகள். இரண்டு பக்கமும் கைவினைக் கடைகள். சால்வை, மேசைவிரிப்பு, தோள்பை, இடுப்புப் பட்டி என்று கடைவாசல்கள் எல்லாம் துணிகளால் நிறைந்திருக்கும். முதல்முறை வருகிறவர்கள் ‘இவ்வளவு நிறம் எங்கிருந்து வந்தது?’ என்றுதான் கேட்பார்கள். அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த நிறமெல்லாம் துணியை விட்டு ஏன் போகவில்லை?

நிறம் கிடைப்பது பெரிய காரியமே இல்லை. பீட்ரூட் நறுக்கினால் கை சிவக்கிறது. காகிதப்பூவைக் கொதிக்க வைத்தால் தண்ணீர் ஊதாவாகிறது. அந்தச் சாற்றில் ஒரு வெள்ளைத் துண்டை முக்கி எடுத்தால் நிறமும் ஏறுகிறது. இரண்டு அலசலில் எல்லாம் போய்விடும். உலகத்தில் நிறமுள்ள செடிகள் ஏராளம். துணியில் நிலைத்து நிற்கும் சாயங்களோ மிகச் சில. அந்தச் சிலவற்றைக் கண்டுபிடித்து, அவற்றை நூலில் இருத்தி வைக்கும் வித்தையைத்தான் இந்தத் தெருவில் விற்கிறார்கள்.

தெருவுக்குள் போவதற்கு முன் ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை. ஏறத்தாழ 75,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே ஓர் எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் வடக்கே புளோரிடா வரையிலும் தெற்கே எக்வடோர் வரையிலும் போய் விழுந்தது. உள்ளே இருந்த பாறைக் குழம்பெல்லாம் வெளியேறியதும் மேலிருந்த நிலம் அப்படியே உள்வாங்கியது. இப்படி உண்டாகும் பெரும் பள்ளத்துக்கு எரிமலைப் பெருவாய் என்று பெயர். அதில் நீர் நிரம்பியதுதான் அதித்லான். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,560 மீட்டர் உயரம், அதாவது ஏற்காட்டைவிடச் சற்றே மேலே. ஆழம் 340 மீட்டர் அளவுக்குப் போகிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானங்கள் ஐந்தை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் கலசம் வெளியே தெரியாது. தென்கரையில் சான் பெத்ரோ, தொலிமான், அதித்லான் என்று மூன்று எரிமலைகள் நிற்கின்றன. ஏரியிலிருந்து வெளியே ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. நீர் நிலத்தடியில் கசிந்துதான் வெளியேற வேண்டும்.

ஊர்மக்கள் பெரும்பாலும் சுதுஹில் மொழி பேசும் மாயா இனத்தவர். மலைச்சரிவில் காப்பித் தோட்டம், வீட்டுப் பின்புறத்தில் வெண்ணெய்ப்பழ மரம், வாழை. மேட்டுத் தெருவில் ஏற முடியாதவர்களை ஏற்றிச் செல்ல நம்மூர் பஜாஜ் ஆட்டோ. ஆம், புனேயில் தொழில் நடத்தும் அதே கம்பெனியின் வண்டிதான். குவாத்தமாலா முழுக்க அது ஓடிக்கொண்டிருக்கிறது.

தெருவில் பல நெசவுக் கடைகளைப் பெண்களின் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன. உள்ளே நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது நூல்கண்டுகளும் அவற்றின் பக்கத்தில் கிண்ணம் கிண்ணமாக வைத்திருக்கும் இலை, பட்டை, விதை, பூ ஆகியவையும்தான். எந்தக் கிண்ணத்திலிருந்து எந்த நிறம் என்று காட்டுவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். கடைக்காரப் பெண் அடுத்து எடுத்துக் காட்டும் பொருளைப் பார்த்தால் தமிழ்நாட்டுக்காரர் எவரும் ஒரு நொடி நின்றுவிடுவார்: வெட்டிப் போட்ட வாழைமரத் துண்டுகள்.

வாழைக்கறை பட்ட வேட்டி என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். எலுமிச்சை தேய்த்தாலும் சோப்பு போட்டாலும் அந்தப் பழுப்பு போகாது. வாழைச்சாற்றில் இருக்கும் துவர்ப்புப் பொருள்கள் பருத்தி இழையோடு ஒட்டிக்கொண்டு, காற்றுப் பட்டதும் கறுத்து, பிறகு நீரில் கரையாத நிலைக்குப் போய்விடுகின்றன. நாம் திட்டிக்கொண்டே துவைக்கும் அந்தக் கறையைத்தான் சான் ஹுவான் பெண்கள் வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாழைமரத் துண்டுகளை ஊறவைத்த நீரில் நூலை நனைத்துச் சாயத்தை நிலைநிறுத்துகிறார்கள்.

ஏன் இந்த உதவி தேவைப்படுகிறது? பருத்தி இழை செல்லுலோஸால் ஆனது. செடிகளில் உள்ள நிறமிகளில் பல நீரில் கரைபவை. அவற்றுக்குச் செல்லுலோஸைவிட நீரோடுதான் உறவு அதிகம். ஆகவே நிறமிக்கும் நூலுக்கும் நடுவில் மூன்றாவது ஒரு பொருள் வர வேண்டும். அது இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த நடுவரைச் சாயத்தொழிலில் நிறமூன்றி என்பார்கள். உலகமெங்கும் அதிகம் பயன்பட்ட நிறமூன்றி, நாம் சவரக் கடையில் பார்க்கும் படிகாரம்தான். அதிலுள்ள அலுமினிய அயனி மூன்று நேர்மின்சுமை கொண்டது. ஒருபக்கம் இழையில் உள்ள ஆக்சிஜனையும் மறுபக்கம் நிறமி மூலக்கூறில் உள்ள ஆக்சிஜனையும் அது இறுகப் பற்றுகிறது. பிறகு எவ்வளவு அலசினாலும் நிறமிக்கு வெளியேற வழி இல்லை.

பருத்தியில் படிகாரம் மட்டும் போதாது. முதலில் துவர்ப்பு ஏற்ற வேண்டும், அதன்மேல்தான் அலுமினியம் நன்றாகப் பிடிக்கும். இந்த நுட்பத்தை நம் சோழமண்டலக் கரைச் சாயக்காரர்கள் வெகுகாலமாகக் கையாண்டார்கள். துணியை முதலில் கடுக்காய் நீரில் ஊறவைப்பார்கள். பிறகு படிகாரக் கரைசலைத் தொட்டுப் பூவும் கொடியும் வரைவார்கள். வரையும்போது கோடு அநேகமாகக் கண்ணுக்கே தெரியாது. பிறகு இம்பூறல் எனப்படும் சாயவேரோடு துணியைக் கொதிக்க வைப்பார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் செக்கச்செவேல் என்று எழுந்து வரும். மற்ற இடத்துச் சிவப்பு துவைத்ததும் போய்விடும். கறுப்புக் கோட்டுக்கு வெல்லமும் துருப்பிடித்த இரும்பும் ஊறிய நீர். கலம்காரித் துணிகளுக்காக ஐரோப்பாவே வரிசையில் நின்றதற்கு இந்த வேதியியல்தான் காரணம். அதித்லான் கரையின் நெசவாளிகளும் நம் சாயக்காரர்களும் ஒருவரை ஒருவர் அறியாமல், துவர்ப்பின் துணை இருந்தால்தான் பருத்தி மசியும் என்ற ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

இதில் எனக்கு மிகப் பிடித்த செய்தி ஒன்று. வாழை அமெரிக்கக் கண்டத்துச் செடியே அல்ல. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர்கள் கொண்டுபோய் நட்டது. ஆசியாவிலிருந்து வந்த ஒரு மரத்தின் கறையை மாயா பெண்கள் தங்கள் சாயப் பானைக்குள் சேர்த்துக்கொண்டார்கள். எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்தது. அது சைதாப்பேட்டையில் வந்து முடிந்தது.

அந்தக் கதைக்கு அடுத்த கிண்ணத்தைப் பார்க்க வேண்டும். அதில் மிளகைவிடச் சிறிய, சாம்பல் பூத்த உருண்டைகள் கிடக்கும். கடைக்காரப் பெண் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து நசுக்குகிறார். கை முழுக்கச் சிவப்பு. அது விதை அல்ல, பூச்சி. சப்பாத்திக்கள்ளியின் சாற்றை உறிஞ்சி வாழும் கொச்சினீல் பூச்சியின் பெண்ணினம். இறக்கை கிடையாது, கள்ளி மடலில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு, மேலே வெள்ளை மெழுகுப் பஞ்சைப் போர்த்திக்கொண்டு ஆயுளைக் கழிக்கும். ஓட முடியாத உயிருக்குத் தற்காப்பு வேண்டுமே! அதற்காக உடலுக்குள் கார்மினிக் அமிலம் என்ற கசப்பான செந்நிறப் பொருளைத் தயாரித்து வைத்திருக்கிறது. எறும்புகளுக்கு அது ஆகாது. உலர்ந்த பூச்சியின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த நிறமிதான். ஒரு கிராம் உலர்ந்த சரக்குக்குச் சுமார் 150 பூச்சிகள் தேவை. அப்படியானால் ஒரு கிலோவுக்கு ஒன்றரை லட்சம்.

உள்ளங்கைச் சிவப்பின்மேல் அவர் எலுமிச்சை பிழிகிறார். கண்ணெதிரே அது ஆரஞ்சுக்கு மாறுகிறது. இன்னொரு கையில் சாம்பல் நீரோ சோடா உப்போ சேர்த்தால் ஊதாவாகிறது. ஒரே பூச்சி, மூன்று நிறம். நம் வீட்டு ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு விழுந்ததும் சிவக்கிறதே, அதே வகை நிகழ்ச்சிதான் இது. அமிலமோ காரமோ சேரும்போது நிறமி மூலக்கூறு சில ஹைட்ரஜன் அயனிகளைப் பெறுகிறது அல்லது இழக்கிறது. மூலக்கூறுக்குள் எலெக்ட்ரான்கள் பரவியிருக்கும் விதம் அதனால் மாறுகிறது. எந்த ஒளியை விழுங்குவது, எதைத் திருப்பி அனுப்புவது என்பதும் கூடவே மாறிவிடுகிறது. உலோகத்தை மாற்றினாலும் நிறம் மாறும். படிகாரத்தோடு சேர்ந்தால் பளிச்சிடும் செந்நிறம், இரும்போடு சேர்ந்தால் கருமை கலந்த ஊதா. சாயக்காரியின் கையில் இருப்பது நிறங்களின் பட்டியல் அல்ல. சில நிறமிகளும் சில உப்புகளும் மட்டுமே. அவற்றின் சேர்க்கைகளில்தான் அலமாரி முழுக்க நிறைந்திருக்கும் அத்தனை சாயல்களும் பிறக்கின்றன.

ஐரோப்பா இந்தச் சிவப்பில் மயங்கிக் கிடந்தது. ஆனால் ஸ்பெயின் அதன் ரகசியத்தை வெளியே விடவில்லை. உலர்ந்து வந்த உருண்டை விதையா பூச்சியா என்றே நெடுங்காலம் அங்கே சண்டை நடந்தது. நுண்ணோக்கி வந்த பிறகுதான் வழக்கு முடிந்தது. நாமே வளர்த்துவிடலாம் என்று ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் ஆசை. 1780களின் இறுதியில் சென்னையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டமே போட்டார். பூச்சிக்காகக் காத்திருந்தார்கள். 1795இல் பிரேசிலிலிருந்து வந்த கப்பலில் பூச்சி கல்கத்தாவுக்கு வந்து, அங்கிருந்து சைதாப்பேட்டைக்கும் வந்தே விட்டது. வந்தது வேறு இனம்! நல்ல சாயம் தராத காட்டுப் பூச்சி. சாயத்தொழில் படுத்துவிட்டது, பூச்சி மட்டும் கள்ளியைத் தின்று பெருகியது.

தோல்வி என்று மூடிவைக்க வேண்டிய இந்தக் கதைக்கு ஒரு திருப்பம் உண்டு. கள்ளி தென்னிந்தியாவில் களையாகப் பரவி வயல்களையும் மேய்ச்சல் நிலத்தையும் விழுங்கத் தொடங்கியபோது, அந்தச் ‘சாயம் தராத’ பூச்சியையே வேண்டுமென்று கொண்டுபோய் அதன்மேல் விட்டார்கள். ஓர் உயிரைக் கொண்டு களையை அடக்கும் உயிரியல் கட்டுப்பாட்டின் மிகப் பழைய வெற்றிகளில் ஒன்றாக 1830களில் நடந்த இந்த வேலையைப் பூச்சியியலாளர்கள் குறிப்பிடுகிறார்கள். இன்னொரு கள்ளியினம் தொல்லை கொடுத்தபோது 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீல் இனத்தை வரவழைத்தார்கள். தமிழகத்தில் வேலியோரம் நிற்கும் சப்பாத்திக்கள்ளியின் மடலில் இன்றும் வெள்ளைப் பஞ்சுத் திட்டு தென்படலாம். குச்சியால் நசுக்கிப் பாருங்கள், சிவக்கும்.

குவாத்தமாலாவுக்குத் திரும்புவோம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அந்நாட்டின் முதன்மை ஏற்றுமதி கொச்சினீல்தான். 1856இல் லண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயது இளைஞர் கரித்தாரிலிருந்து கிடைத்த பொருளைக் கொண்டு முதல் செயற்கை ஊதாவைத் தயாரித்தார். அடுத்த இருபது ஆண்டுகளில் பூச்சிச் சந்தை சரிந்தது. கள்ளித் தோட்டங்கள் இருந்த இடத்தில் காப்பி வந்தது. இன்று ஏரியைச் சுற்றித் தெரியும் காப்பிச் சரிவுகளுக்குப் பின்னால் அந்தச் சரிவும் இருக்கிறது.

நீலத்துக்கு நிறமூன்றியே வேண்டாம். அது முற்றிலும் வேறொரு தந்திரம். நம் அவுரியின் நெருங்கிய உறவான ஒரு செடி இங்கே வளர்கிறது. அதன் இலையில் நீலம் என்று எதுவும் இல்லை. இலையை நீரில் ஊறவைத்து நொதிக்க விட்டு, அந்த நீரைக் காற்றுப் படும்படி நன்றாக அடித்துக் கலக்கினால் நீலம் பிறந்து அடியில் வண்டலாகப் படிகிறது. சிக்கல் அதன்பிறகுதான். அந்த நீலம் நீரில் கரையவே கரையாது. கரையாத பொருள் இழைக்குள் எப்படிப் போகும்? ஆகவே பானையில் மீண்டும் நொதிக்க விடுகிறார்கள். ஆக்சிஜன் இல்லாத அந்தக் காரநீரில் பாக்டீரியாக்கள் நீலத்துக்கு எலெக்ட்ரான்களைக் கொடுத்து, அதைக் கரையக்கூடிய மஞ்சள்பச்சைப் பொருளாக மாற்றிவிடுகின்றன. அந்த நிலையில் அது இழைக்குள் நுழைகிறது. நூலை வெளியே தூக்கியதும் மஞ்சள் பச்சையாகி, பச்சை நீலமாவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். காற்றின் ஆக்சிஜன் அதைப் பழையபடி கரையாத பொருளாக்கிவிட்டது. உள்ளே போனது வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டது.

நீலம் இழையோடு வேதிப்பிணைப்பு எதுவும் கொள்வதில்லை. வெளிப்புற அடுக்குகளில் சிக்கிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஜீன்ஸ் பேன்ட் முழங்காலில் வெளுப்பது அதனால்தான். தேயத் தேய நீலத்தோடு சேர்ந்து மேலடுக்கும் உதிர்கிறது. இவ்வளவு சுற்றுவழியான ஒரு முறையை மனிதர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தாமாகவே கண்டுபிடித்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. பெருவின் உவாக்கா பிரியேத்தா என்ற இடத்தில் கிடைத்த பருத்தித் துணித் துணுக்குகளில் அவுரி நீலம் இருப்பதை 2016இல் உறுதிசெய்தார்கள். வயது ஏறக்குறைய 6,000 ஆண்டுகள்.

மாயர்கள் இன்னொரு படி மேலே போனார்கள். சுவரோவியத்துக்கு இந்த நீலத்தைப் பலிகோர்ஸ்கைட் என்ற வெண்களிமண்ணோடு சேர்த்துச் சூடாக்கினார்கள். அந்தக் களிமண்ணின் படிக அமைப்பில் மூலக்கூறு அளவிலான நுண்குழாய்கள் ஓடுகின்றன. நீல மூலக்கூறு அவற்றில் புகுந்து பதிந்துகொள்கிறது. விளைவு, அமிலத்துக்கும் வெயிலுக்கும் மழைக்காட்டு ஈரத்துக்கும் அசையாத ‘மாயா நீலம்’. போனாம்பாக் கோயிலில் கி.பி. 790 வாக்கில் தீட்டிய சுவர்களில் அது இன்றும் தெரிகிறது. 20ஆம் நூற்றாண்டில் வேதியியலாளர்கள் அதன் சூத்திரத்தைப் பிரித்தறியப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டார்கள்.

சிவப்பும் நீலமும் பார்த்தாயிற்று. பச்சைக் கிண்ணம் எங்கே? சுற்றிலும் மலையெல்லாம் பச்சையாக இருக்கும்போது அதுதான் மிக எளிதாகக் கிடைக்க வேண்டும் என்று தோன்றும். நேர்மாறு. இலையின் பச்சையம் சாயத்துக்கு லாயக்கில்லாதது. அதன் நடுவில் இருக்கும் மக்னீசியம் எளிதில் கழன்றுவிடும். கழன்றதும் வெந்த கீரையைப் போல மங்கிய பழுப்புதான் மிஞ்சும். ஆகவே சாயக்காரர்கள் பச்சையை இரண்டு தவணையில் உண்டாக்குகிறார்கள். முதலில் நீலம், அதன்மேல் மஞ்சள். மஞ்சளுக்கு இங்கே பெரிக்கோன் என்ற துலுக்கச் சாமந்தி வகைப் பூச்செடி இருக்கிறது. சில்க்கா என்ற புதர்ச்செடியின் இலை பச்சை ஓடிய மஞ்சள் தரும். உலகம் முழுக்கப் பழங்காலப் பச்சைத் துணிகள் பலவும் இப்படி இருமுறை முக்கியவைதான். வெயிலில் மஞ்சள் முதலில் மங்கும் என்பதால் பழைய திரைச்சீலைகளில் காடெல்லாம் நீலமாகக் காட்சி தருவதை அருங்காட்சியகங்களில் காணலாம்.

வெயில் சாயத்தின் இரண்டாவது எதிரி. தண்ணீர் நிறமியை இழுத்துச் செல்கிறது. புற ஊதாக்கதிர் அதை உடைத்தே போடுகிறது. உயரம் ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் கூடும்போதும் புற ஊதாக்கதிர் ஏறக்குறைய பத்து விழுக்காடு கூடுகிறது, ஆகவே இந்த ஊரில் அது கடுமை. நூலை நிழலில் உலர்த்துவது அதற்காகத்தான். குங்குமமரத்தின் விதைகள் தரும் ஆரஞ்சு அழகானது, ஆனால் வெயில் தாங்காது. கொச்சினீலும் நீலமும் தாங்கும். வெண்ணெய்ப்பழக் கொட்டை, தேங்காய் மட்டை போன்ற துவர்ப்புச் சாயங்கள் தரும் பழுப்பும் நன்றாகவே நிற்கும்.

ஊதா தரும் மரக்கட்டைத் துண்டு ஒன்று தனியாகப் பேச வேண்டிய பொருள். காம்பேச்சே மரம் என்பார்கள். யூக்காத்தான், பெலிஸ், குவாத்தமாலா காடுகளில் வளரும் மரம். அதன் வைரக்கட்டையில் உள்ள ஹீமட்டாக்சிலின் என்ற பொருள் படிகாரத்தோடு சேர்ந்தால் நீலம் கலந்த ஊதா. 1860களில் ஆய்வாளர்கள் இந்தத் துணிச்சாயத்தை நுண்ணோக்கியின் கீழே உயிர்த்திசுக்கள்மேல் சோதித்துப் பார்த்தார்கள். செல்லின் உட்கரு மட்டும் ஊதாவாகத் தனித்துத் தெரிந்தது. அங்கேயும் அலுமினியம்தான் நடுவர். ஒருபுறம் சாயம், மறுபுறம் உட்கருவில் உள்ள டி.என்.ஏ. இன்றைக்கும் உலகத்தின் எந்த மருத்துவமனையில் கட்டியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதித்தாலும் அநேகமாக முதலில் ஏற்றும் சாயம் இதுதான். புற்றுநோயா இல்லையா என்று மருத்துவர் உற்றுப் பார்ப்பது, மாயா நாட்டு மரமும் படிகாரமும் சேர்ந்து உட்கருவுக்கு ஏற்றிய நிறத்தைத்தான்.

சாயமே வேண்டாத நூலும் கடையில் இருக்கும். இஷ்காகோ என்ற நாட்டுப் பருத்தி, காயிலேயே பழுப்பாக வெடிக்கிறது. பருத்தி இழை ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல். விதைத் தோலிலிருந்து புறப்பட்டு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை நீண்டு, அதற்குப் பிறகு இறந்து காய்ந்து முறுக்கிக்கொண்ட செல். பழுப்புப் பருத்தியில் அந்தச் செல்லின் உட்குழியில் துவர்ப்பு வகை நிறமி தங்கிவிடுகிறது. துவைத்தால் மற்ற துணிகள் மங்கும். இந்தத் துணி முதல் சில சலவைகளில் இன்னும் அடர்த்தியாகும். இழை குட்டையானது என்பதால் பெரிய நூற்பாலைகளுக்குப் பிடிக்கவில்லை. இங்கே விதை நீக்கிய பஞ்சைத் திண்டின்மேல் பரப்பி இரண்டு குச்சிகளால் அடித்து அடித்து மெல்லிய விரிப்பாக்குகிறார்கள். பிறகு மலக்காத்தே எனும் கைத்தக்களியைச் சிரட்டை அளவுக் கிண்ணத்தில் பம்பரமாகச் சுழற்றி நூற்கிறார்கள்.

கடைசியாகத் தறி. கடைக்குள் தறி எங்கே என்று தேடினால் ஏமாந்து போவோம். சுருட்டி வைத்த சில குச்சிகள், ஒரு கயிறு, ஒரு தோல்பட்டி, அவ்வளவுதான். சட்டம் கிடையாது, குழி கிடையாது, மிதி கிடையாது, அச்சுப்பலகை கிடையாது. ஒரு முனையைத் தூணிலோ மரத்திலோ கட்டிவிட்டு, மறுமுனைப் பட்டியை இடுப்பின் பின்னால் சுற்றிக்கொண்டு அவர் மண்டியிட்டு உட்கார்ந்ததும் குச்சிகள் தறியாகின்றன. பாவு நூல்களின் இழுவிசை முழுவதும் அவருடைய உடலிலிருந்து வருகிறது. சற்று முன்னே சாய்ந்தால் பாவு தளர்கிறது. விழுதுக் குச்சியைத் தூக்கி மாற்று இழைகளை மேலே கொண்டுவரலாம். பின்னே சாய்ந்தால் விறைக்கிறது. ஊடை நூலைக் கோத்து, கத்தி வடிவப் பலகையால் தட்டி இறுக்கலாம். ஒவ்வோர் ஊடைக்கும் ஒரு முன்சாய்வு, ஒரு பின்சாய்வு. எந்த இடத்தில் எவ்வளவு விறைப்பு என்பதை இடுப்பே அளக்கிறது. மெக்சிகோவின் ஹைனா தீவில் கிடைத்த ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட சுடுமண் பொம்மைகளில் ஒருத்தி இதே தறியோடு உட்கார்ந்திருக்கிறாள். மாற்றம் எதுவும் தேவைப்படாத அளவுக்கு அப்போதே முழுமையடைந்துவிட்ட கருவி.

இதில் அகலத்துக்கு ஒரு வரம்பு உண்டு. இரு கையும் வசதியாக எட்டும் தூரம்தான் துணியின் அகலம். வீப்பில் என்ற மேற்சட்டையை இரண்டு மூன்று துண்டுகளை இணைத்துத் தைப்பது அதனால்தான். நெய்வதற்கு முன்பே நூலில் முடிச்சுப் போட்டுச் சாயமிடும் ஹாஸ்பே முறையும் இங்கே உண்டு. நம் போச்சம்பள்ளிச் சேலைக்காரர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். துணியே இல்லாதபோது துணியின் எந்த இடத்தில் எந்த நிறம் வர வேண்டும் என்று கணக்குப் போட்டு நூலைக் கட்ட வேண்டும். கட்டின் விளிம்பில் சாயம் சிறிதளவு உள்ளே கசியும், நெய்யும்போது இழைகளும் மயிரிழை அளவு நகரும். உருவங்களின் ஓரம் இறகுபோலக் கலைந்து தெரிவது அதனால் வருவது.

சாதாரணத் தறியில் நெய்த துணியைக் கடைசியில் கத்தரித்துத்தான் எடுக்க வேண்டும். வெட்டிய முனை பிரியும், மடித்துத் தைக்க வேண்டும். இந்தத் தறியில் பாவு நூல் இரு முனைக் குச்சிகளையும் சுற்றித் திரும்பிப் போகிறது. அங்கே வெட்டுவதற்கு எதுவும் இல்லை. நான்கு பக்கமும் நெய்து மூடிய ஓரங்களோடு ஒரு முழுத் துணி வெளியே வருகிறது. அதற்குத் தரும் விலை கடைசிச் சில அங்குலங்களில் தெரியும். ஒரு முனையில் சிறிது நெய்துவிட்டுத் தறியைத் திருப்பிப் போட்டு மறுமுனையிலிருந்து நெய்து வருகிறார்கள். இரண்டும் நெருங்க நெருங்க பாவு திறக்கும் இடைவெளி குறுகுகிறது. முதலில் பலகை நுழையாது. பிறகு ஊடைக் குச்சி நுழையாது. கடைசியில் ஊசியில் நூலைக் கோத்து, இழைகளை ஒன்றுவிட்டு ஒன்று கையால் தூக்கி நெய்ய வேண்டியதாகிறது. அரை நாளில் ஒரு முழம் நெய்த கை, அந்த ஒட்டுமிடத்தில் விரல் அகலத்துக்கு நெடுநேரம் செலவிடுகிறது. கடையில் ஒரு சால்வையை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு முனைக்கு அருகே தேடினால் அந்தப் பட்டை கிடைக்கும். மற்ற இடத்தைவிட நெசவு சற்றே நெகிழ்ந்து, ஊடைக் கோடுகள் கொஞ்சம் கோணலாக இருக்கும். விசைத்தறித் துணியில் அதைப் பார்க்க முடியாது.